எல்லாரும் வந்தவை, ஒருத்தரும் கதைக்கேல்ல

போன டிசம்பர் 31 இரவு கொழும்பு காலிமுகத்திடலுக்குப் போறதெண்டுதான் பிளான். ஆனா ஆறு மணிக்கே காலி வீதி இறுகிப்போய் நிண்டுது, திரீவீல்காரர் ஒருத்தரும் அந்தப் பக்கம் வரமாட்டினமாம், அதால வெள்ளவத்தையிலயே ரோல்ஸும் கட்லட்டும் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில படம் பாக்கிறதெண்டு முடிவாச்சு. தங்கச்சிதான் படத்தைத் தெரிவு செய்தவ. நியூ இயர்ஸ் ஈவ், 2011இல வந்தது. இண்டைக்கு இதைப் பாக்காம சித்திரை வருசத்துக்கே பாக்கிறது எண்டு ஒரு நியாயம் வேற.

பேர் ஓடேக்க எனக்கு வாயில வச்ச ரோல்ஸ் அப்பிடியே நிண்டுட்டுது. ராபர்ட் டி நீரோ, மிஷெல் ஃபைஃபர், ஹலி பெரி, ஹிலரி ஸ்வாங்க், சாரா ஜெசிக்கா பார்க்கர், ஆஷ்டன் குட்சர், ஜெசிக்கா பீல், இன்னும் போய்க்கொண்டே இருக்கு. டி நீரோட்ட ரெண்டு ஒஸ்கார், ஸ்வாங்கிட்ட ரெண்டு, பெரியிட்ட ஒண்டு, இந்த மூண்டு பேரிட்ட மட்டுமே அஞ்சு. இயக்கினது கரி மார்ஷல், 1990இல பிரிட்டி வுமன் எடுத்த மனுசன். இதுக்கு மேல என்ன வேணும் சொல்லுங்கோ. அம்மம்மாவைக்கூட எழுப்பி இருத்தினனாங்கள்.

அரை மணித்தியாலம் போகமுதல் அம்மம்மா திரும்பப் படுத்திட்டா. அவாவில பிழையில்லை.

கதை எண்டு சொல்லப்போனா, நியூயோர்க்கில வருசக் கடைசி நாள் ஒண்டு, அதில ஏழெட்டு ஜோடி, எல்லாம் ஏதோ ஒரு வழியால நடுச்சாமத்துக்கு வந்து சேருது. மொத்தப் படமும் ரெண்டு மணித்தியாலம் வராது. நீங்களே பிரிச்சுப் பாருங்கோ, ஒரு கதைக்குப் பதினைஞ்சு நிமிசம் கிடைச்சாப் பெரிய விசயம், அதையும் ஒரேயடியாத் தராம ரெண்டு ரெண்டு நிமிசமா வெட்டி வெட்டித் தாறாங்கள். எங்கட கலியாண வீடுகளில போட்டோக்கு ஏறுவினமே, ஒரு குடும்பம் ஒரு பக்கத்தால ஏறி, பொம்பிளை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில நிண்டு, பல்லைக் காட்டிட்டு மற்றப் பக்கத்தால இறங்கும், அதுக்குள்ள அடுத்த குடும்பம் படியில நிக்கும். அப்பிடித்தான் இந்தப் படம். எல்லாரும் வடிவா உடுத்தி வந்திருக்கினம், எல்லாரும் சிரிக்கினம், கீழ பந்தியில ஆரும் இருக்கேல்ல.

எனக்குக் கோபம் வந்தது லிஃப்ட் கதையிலதான். ஆஷ்டன் குட்சர் நியூ இயரைக் கண்ணில காட்டக்கூடாது எண்டு திரியிற ஆள், லியா மிஷெல் ஒரு பாட்டுக்காரருக்குப் பின்னால நிண்டு பாடப் போக வேண்டிய பிள்ளை, ரெண்டு பேரும் லிஃப்டுக்குள்ள மாட்டுப்படுகினம். ஒரு காதல் நகைச்சுவைக்கு இதை விட நல்ல இடம் எங்க இருக்கு? கதவு திறக்காது, போக இடமில்லை, கதைச்சே ஆகோணும். ஆனா படத்துக்கு அவை கதைக்கிறதைக் கேக்கப் பொறுமையில்லை, ரெண்டு வசனம் பேசினவுடன வேற தெருவுக்குப் போயிடுது, திரும்பி வரேக்க ரெண்டு பேரும் முதல் இருந்ததை விட நெருக்கம். இடையில என்ன நடந்தது? அதை நாங்களே நினைச்சுக்கொள்ளோணுமாம். கடைசியில முத்தம் குடுக்கப்போற நேரம் லிஃப்ட் திருத்துப்பட்டு ஓடத் தொடங்குது, நான் "நல்லாப் போச்சு" எண்டன், தங்கச்சி முறைச்சா.

நான் ஏன் இதில இவ்வளவு ஏறுறன் எண்டா எனக்கும் லிஃப்ட் கதை ஒண்டு இருக்கு. 2022 மார்ச் கடைசி, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலம், எங்கட தொடர்மாடி ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. நானும் மேல்மாடி அன்ரியும் நாலாம் மாடிக்கும் அஞ்சாம் மாடிக்கும் நடுவில மாட்டுப்பட்டனாங்கள். அவாட கையில ஒரு பை விளைமீன். நாலு வருசமா அவாவைக் கண்டாச் சிரிக்கிறதோட சரி, பேரும் வடிவாத் தெரியாது. இருட்டு, வேர்வை, மீன் மணம். முதல் பத்து நிமிசம் ரெண்டு பேரும் வொச்மனைக் கூப்பிட்டுக் கத்தினனாங்கள், அடுத்த பத்து நிமிசம் சாமான் விலையைத் திட்டினனாங்கள், அதுக்குப் பிறகு கத்த ஒண்டும் இல்லை. அப்பதான் அவா, அங்கிளை முதல் கண்டது பஸ்ஸில எண்டு தொடங்கினா. அங்கிள் அவாட குடையைத் தன்ர குடை எண்டு நினைச்சுக் கொண்டு இறங்கினவராம், இவா பின்னால இறங்கி மழைக்குள்ள கலைச்சுக்கொண்டு ஓடினவவாம், பிடிச்சு நிப்பாட்டினா மனுசன் திரும்பி... அந்த இடத்தில கரண்ட் வந்திட்டுது. கதவு திறந்தவுடன "பிள்ளை, மீன் பழுதாப்போடும்" எண்டுட்டு அவா போயிட்டா.

ரெண்டு நாள் கழிச்சு மிச்சக் கதையைக் கேக்க நானே அவாட வீட்டுக் கதவைத் தட்டினனான். நாப்பது நிமிசம் இருட்டுக்குள்ள இருந்து கேட்ட கதையை ஆர் விடுறது? குட்சருக்கும் லியா மிஷெலுக்கும் பிறகு என்ன ஆச்சு எண்டு எனக்கு ஒரு சொட்டு ஆசையும் வரேல்ல. அவை கெட்ட நடிகர் இல்லை, பாவம், அவைக்கு நாப்பது நிமிசம் ஆரும் குடுக்கேல்ல.

டி நீரோவை என்ன செய்திருக்கினம் எண்டு கேளுங்கோ. ஆஸ்பத்திரிக் கட்டிலில படுக்க வச்சிருக்கினம். சாகக் கிடக்கிற மனுசன், வருசம் பிறக்கேக்க டைம்ஸ் ஸ்குயரில கம்பத்தால வெளிச்சப் பந்து இறங்கிறதைக் கடைசியா ஒருக்கா மொட்டைமாடியில நிண்டு பாக்கோணும் எண்டு கேக்கிறார், ஹலி பெரி அவருக்கு நேர்ஸ். ரெண்டு பேரும் ஒரே அறைக்குள்ள! இதுக்கு மேல வசனமே தேவையில்லை, கமராவை வச்சிட்டு இயக்குநர் ரீ குடிக்கப் போயிருக்கலாம். அப்பிடி விடேல்லையே. அவர் ஒரு பார்வை பாக்கத் தொடங்கிறார், அந்தப் பார்வை முடியமுதல் நாங்கள் ஆஸ்பத்திரியின்ர மற்றப் பக்கத்தில நிக்கிறம், அங்க ஜெசிக்கா பீல் வருசத்தின்ர முதல் பிள்ளையைப் பெத்து 25,000 டொலர் பரிசு எடுக்கோணும் எண்டு இன்னொரு சோடியோட போட்டி போடுறா. சிரிக்கிறதா அழுறதா எண்டு யோசிக்கிற நேரத்தில ரெண்டும் போயிடுது.

ஃபைஃபர் கதை கொஞ்சம் பரவாயில்லை. வேலையை விட்டுட்டு, செய்யாம விட்ட ஆசையெல்லாம் ஒரு பேப்பரில எழுதி, கூரியர் கொண்டுதிரியிற பொடியன் ஸாக் எஃப்ரோனைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில முடிக்கப் பாக்கிறா. அவ கூச்சத்தோட அந்தப் பேப்பரை நீட்டேக்க, இதை மட்டும் வச்சு முழுப்படமும் எடுத்திருக்கலாமே எண்டு பட்டுது.

இன்னொரு ஆள், ஹெக்டர் எலிசாண்டோ. கரி மார்ஷல் எடுத்த எல்லாப் படத்திலயும் இருக்கிறவர், பிரிட்டி வுமனில ஹோட்டல் மனேஜரா வந்து அந்தப் பிள்ளைக்கு முள்ளுக்கரண்டி பிடிக்கப் பழக்குவாரே, அவர். இதில பந்து இடையில சிக்கேக்க அதைத் திருத்த வாற பழைய எலக்ட்ரீசியன். நிக்கிறது கொஞ்ச நேரம், ஆனா ஸ்வாங்க் கதைக்கேக்க அவர் கேட்டுக்கொண்டு நிக்கிறார் பாருங்கோ, உண்மையாவே கேக்கிறார். மற்ற ஆக்கள் எல்லாம் தங்கட வசனத்துக்கு முறை பாத்துக்கொண்டு நிக்கிற மாதிரித்தான் எனக்குத் தெரிஞ்சுது.

படம் முடிய அம்மம்மா எழும்பி "முடிஞ்சுதோ கோதாரி" எண்டிட்டு, காதலிக்க நேரமில்லையைப் போடச் சொன்னா. இந்தப் படத்துக்குத்தான் அந்தப் பேர் சரியாப் பொருந்தும் எண்டு தங்கச்சி சொல்ல எனக்குச் சிரிப்பை அடக்க ஏலேல்ல. 1964இல ஸ்ரீதர் எடுத்தது, நான் எத்தினை தரம் பாத்திருப்பன் எண்டு கணக்கில்லை. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லுற இடம் எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்த முறை, அந்த லிஃப்ட் எரிச்சலோட இருந்ததாலயோ என்னவோ, நான் நாகேஷைப் பாக்கேல்ல, பாலையாவைத்தான் பாத்தனான். மனுசன் அந்த இடத்தில செய்யிற முழு வேலையும் கேக்கிறதுதான். முகம் மெல்ல மெல்ல மாறுது, கண் பெருக்குது, நாகேஷ் போடுற ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு உதறுது. ஸ்ரீதர் அந்த ரெண்டு பேரையும் விட்டுட்டு வேற எங்கயும் ஓடேல்ல. பேய்க்கதையில ஒண்டுமே இல்லை, யோசிச்சா, பாலையா பயப்பிடுறதாலதான் நாங்கள் சிரிக்கிறம்.

பன்னிரெண்டு அடிக்க வெளியில வெடிச்சத்தம் காதை அடைச்சுது, பல்கனிக்குப் போய்ப் பாத்திட்டு கேக் வெட்டிட்டுப் படுத்தனாங்கள்.

நியூயோர்க்கில பன்னிரெண்டு அடிக்கேக்க எங்களுக்கு முதலாந் திகதி காலமை பத்தரை. கனடாவில ஸ்காபரோவில இருக்கிற பெரியம்மாவுக்கும் அதே நேரம்தான், அவா ஒவ்வொரு வருசமும் சரியா அந்த நேரத்துக்கு வீடியோ கோல் எடுப்பா, பின்னால டிவியில பந்து இறங்கும். 1907இல தொடங்கின வழக்கமாம், இறங்க ஒரு நிமிசம். இந்த வருசமும் ஒரு சிக்கலும் இல்லாம இறங்கிச்சு. ஹப்பி நியூ இயர் எல்லாம் சொல்லி முடிய "ராத்திரி என்ன செய்தனீங்கள்" எண்டு கேட்டா. நான் படத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினனான், டி நீரோ கட்டிலில படுத்திருக்கிறதுவரைக்கும் வந்திட்டன்.

"பொறு பிள்ளை, லண்டனில இருந்து மாமா எடுக்கிறார்" எண்டுட்டு வெட்டிட்டா.