வெளுத்துப்போன முட்டைகள்

முதலில் நிறம் போனது.

ஆகஸ்டு மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கூண்டுக்கு முன்னால் உருண்டு வந்து நிற்கும் முட்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்களுடையவை பழுப்பு முட்டை இடும் கோழிகள். கோப்பி நிறத்தில் இருக்க வேண்டிய முட்டைகளில் ஐந்தாறு, பால் அதிகம் ஊற்றிய தேத்தண்ணி மாதிரி வெளுத்திருந்தன. எடுத்துத் தனியாக வைத்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு எண்ணிக்கை 268. முந்நூறு கோழிக்கு அது நல்ல கணக்கு.

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பத்து காஜா ஊரில் இருக்கிறோம், கோப்பெங் போகும் சாலைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் செம்பனையாக மாறி, தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வெளியே வந்தபோது கையில் இருந்த காசில் வாங்கியதுதான் இந்த அரை ஏக்கர் நிலம். இரண்டு வரிசைக் கூண்டுகள். வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார், கோழிகள் என் பொறுப்பு. தினமும் எத்தனை முட்டை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பேன். அந்தப் பழக்கம் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையை நான் இவ்வளவு சரியாகச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை 255. திங்கட்கிழமை 231. அதற்குள் தோல் முட்டைகள் வரத் தொடங்கிவிட்டன. ஓடே இல்லாமல், மெல்லிய சவ்வுப் பையில் கருவை ஊற்றிக் கட்டியது போல இருக்கும். கூண்டுக் கம்பியில் தொங்கும், கீழே எச்சத்தில் விழுந்து உடையும், பாதியைக் கோழிகளே கொத்தித் தின்றுவிடும். நோட்டில் எண்ணிக்கை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். முட்டை உருவாகாமல் இல்லை, உருவானது தட்டுக்கு வந்து சேரவில்லை.

ஆனால் கோழிகள்? கொண்டை சிவப்பாக, கண் தெளிவாக, தீவனத்தை ஒரு பிடி மிச்சமில்லாமல் தின்றுகொண்டு நின்றன. தும்மல் இல்லை, கழிச்சல் இல்லை, ஒன்றுகூடச் சாகவில்லை. அதுதான் என்னை ஏமாற்றியது.

தீவனக்கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, சுண்ணாம்புச் சத்து குறைவு என்றார். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது, அதைக் கோழி தினமும் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது, ஆகவே அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கிளிஞ்சல் தூள் வாங்கிப் போட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கண்ணேறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். பாம்பு வந்து பயமுறுத்தியிருக்கும் என்று வீட்டுக்காரர் இரண்டு ராத்திரி டார்ச்சுடன் காவல் இருந்தார். பத்து நாள் இப்படியே போயிற்று. எண்ணிக்கை 196.

அதற்குப் பிறகுதான் கால்நடை அலுவலகத்துக்குப் போனேன். முதல் நாளே போயிருக்க வேண்டும். இப்போது யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அங்கிருந்த மலாய்க்கார டாக்டரம்மா நோட்டுப் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு கேள்விகள். கோழிக்கு எத்தனை வாரம்? முப்பத்தொன்று. இருமல் சத்தம் ராத்திரியில் கேட்கிறதா? இல்லை. முட்டையை உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடுகிறதா? இல்லை, கெட்டியாகத்தான் நிற்கிறது. எந்தெந்தத் தடுப்பூசி போட்டது? விடைக்கோழியாக பதினாறு வாரத்தில் வாங்கினோம், விற்றவர் எல்லா ஊசியும் போட்டாயிற்று என்றார். அட்டை இருக்கிறதா? இருந்தது, நான் ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

கடைசியாகக் கேட்டார், "புவான் (அம்மா), தண்ணீர் எங்கிருந்து வருகிறது?"

குழாய்த் தண்ணீர் என்று சொல்ல வாயெடுத்தவள் நின்றுவிட்டேன். ஜூலைக் கடைசியில் நான்கு நாள் தண்ணீர்த் தடை. அந்த நான்கு நாளும் பின்னாலிருக்கும், ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்ற பழைய ஈயக் குட்டையிலிருந்து பம்பு வைத்துத் தொட்டியை நிரப்பினோம். அந்தக் குட்டையில் அண்டை வீட்டு வாத்துகள் நாளெல்லாம் நீந்துகின்றன. மருந்து எதுவும் கலக்கவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததால் அந்த எண்ணமே வரவில்லை.

அடுத்த நாள் இரண்டு கோழிகளையும் ஒரு டஜன் கெட்ட முட்டைகளையும் கொண்டுபோனேன். தோல் முட்டை இடுகிறவையாகப் பார்த்துப் பிடித்து வரச் சொல்லியிருந்தார். என் கண்முன்னே ஒன்றை அறுத்துக் காட்டினார். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் இருபது வருடம் கோழி வளர்த்து அன்றைக்குத்தான் ஒரு முட்டை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டேன். பெட்டைக்கோழிக்கு இடது பக்கச் சினைப்பையும் இடது முட்டைக்குழாயும்தான் வளர்ந்து வேலை செய்கின்றன. மஞ்சள் கரு அந்தக் குழாயில் விழுந்து, முதலில் வெள்ளைக்கரு சேர்ந்து, பிறகு சவ்வு மூடி, கடைசியில் ஓடு உருவாகும் பைக்கு வருகிறது. வெளியே வர ஆகும் இருபத்தைந்து மணி நேரத்தில் இருபது மணி நேரம் அந்தப் பையிலேயே கழிகிறது. பழுப்பு நிறமும் அங்கேதான் பூசப்படுகிறது. என் கோழிக்கு அந்தப் பையின் மடிப்புகள் நீர் கோத்து வீங்கி, வெள்ளையாக ஏதோ திரவம் கட்டியிருந்தது. மற்ற உறுப்புகளில் கண்ணுக்குத் தெரிய ஒரு குறையும் இல்லை.

முட்டை வீழ்ச்சி நோயாக இருக்கலாம் என்றார், ஆய்வுக்கூடம் சொல்லட்டும் என்றும் சொன்னார். 1976ல் நெதர்லாந்தில் முதலில் கண்டறியப்பட்ட வைரஸ் நோய் அது. வாத்துக்கும் பெருவாத்துக்கும் சொந்தமான அடினோ வகை வைரஸ். பெரும்பாலும் வாத்தை ஒன்றும் செய்யாது. கோழியின் உடம்பில் புகுந்தால் ஓடு உருவாகும் அந்தப் பையைத் தேடிப் போய்ப் பெருகுகிறது. நிறம் முதலில் போவதும், பிறகு ஓடு மெலிவதும், பிறகு ஓடே இல்லாமல் போவதும் அதனால்தான். நான் கொட்டிய கிளிஞ்சல் தூள் கோழியின் வயிற்றுக்குப் போயிருக்கும். அதை ஓடாக மாற்றும் இடம் புண்பட்டுக் கிடந்தது.

பத்துக் கோழிகளிடம் ரத்தம் எடுத்து ஈப்போவிலிருக்கும் கால்நடை ஆராய்ச்சிக் கழகத்துக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து அதே கோழிகளிடம் மறுபடியும் எடுத்தார்கள். முதல் தடவை தொட்டிக்குப் பக்கத்து வரிசைக் கோழிகளில்தான் எதிர்ப்புச் சக்தியின் அடையாளம் இருந்தது. இரண்டாம் தடவை ஏறக்குறைய எல்லாவற்றிலும். அப்படியென்றால் வைரஸ் என் கொட்டகைக்குள் இத்தனை நாளாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. கூண்டுக் கோழிகளில் அது மெதுவாகத்தான் பரவும், முட்டைத் தட்டிலும் எச்சத்திலும் ஒட்டிக்கொண்டு போகும் என்றார் டாக்டரம்மா. நானே தட்டுகளை ஒரு வரிசையிலிருந்து மறு வரிசைக்குத் தூக்கிக்கொண்டு நடந்தவள். அதைக் கேட்டு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

வெள்ளைக்கழிச்சல், பறவைக் காய்ச்சல் இரண்டும் இல்லை என்று ஆய்வில் தெரிந்தது பெரிய நிம்மதி. அவையும் முட்டையைக் குறைக்கும், ஆனால் கொட்டகையையே காலி செய்துவிடக்கூடியவை. மூச்சுக்குழாய் நோய் வைரஸ் பற்றியும் விளக்கினார். அது ஒரு வகைக் கொரோனா வைரஸ். பெரிய கோழிக்கு வந்தால் சுருங்கிய ஓடும் தண்ணீர் வெள்ளைக்கருவும் வரும். குஞ்சாக இருக்கும்போது, முதல் இரண்டு வாரத்துக்குள் வந்தால் முட்டைக்குழாயே வளராமல் போய்விடலாம். அந்தக் கோழி பிழைத்து, வளர்ந்து, கொண்டை சிவந்து, முட்டையிடுவதுபோல உட்கார்ந்தும் எழும். சினைப்பையிலிருந்து கருவும் இறங்கும். ஆனால் வெளியே வர வழி இல்லாததால் வயிற்றுக்குள்ளேயே விழும்.

இதைக் கேட்டதும் எனக்கு முந்தைய கூட்டம் ஞாபகம் வந்தது. அதில் பத்துப் பன்னிரண்டு கோழிகள், வயிறு தொங்கி, நிமிர்ந்து நிமிர்ந்து நடக்கும். ஒரு முட்டைகூட இட்டதில்லை. மலட்டுக் கோழி என்று திட்டிக்கொண்டே தீவனம் போட்டேன். அவை அந்த நோய் தின்ற கோழிகள்தானா என்று இனிச் சோதிக்க வழியில்லை. ஆனாலும் திட்டியதை நினைத்தால் மனசு வலிக்கிறது.

மருந்து கிடையாது என்று நேராகச் சொல்லிவிட்டார். ஆன்டிபயாட்டிக் மருந்து வாங்கித் தண்ணீரில் கலக்காதீர்கள், வைரஸை அது தொடாது, முட்டையில்தான் தங்கும் என்றார். நான்கு முதல் பத்து வாரம் வரை இழுக்கும், பிறகு தானாகத் தேறும். கழித்துக் கட்டுவதா வைத்திருப்பதா என்பது என் முடிவு. முப்பத்தைந்து வாரக் கோழியைக் கறிக்கு விற்க எனக்கு மனமில்லை. வைத்துக்கொண்டேன்.

அந்த வாரங்கள் கடினமாகத்தான் இருந்தன. குறைந்தபட்சமாக ஒரு நாள் 164 வந்தது. தீபாவளிப் பலகாரத்துக்கும் கேக்குக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்த பதினான்கு வீடுகளுக்குப் போன் போட்டேன். "அக்கா, இந்த வருஷம் என்னால் முழுசாகத் தர முடியாது, வேறு இடத்திலும் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்." மனுஷனுக்கு இந்த நோய் வராது என்றாலும் மெல்லிய ஓட்டு முட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். தொட்டியைக் காலி செய்து தேய்த்து, குளோரின் கலந்த தண்ணீர்தான் நிரப்பினோம். ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தட்டு, தனிச் செருப்பு. குட்டைப் பக்கம் வேலி போட்டோம். வாத்துக்காரத் தவுக்கேயிடம் போய் விஷயத்தைச் சொன்னபோது அவரே வந்து கம்பி கட்ட உதவினார். அவர் வாத்துகள் மீது குற்றம் இல்லை, தண்ணீரை இறைத்தது நாங்கள்.

ஆறாவது வாரம் தோல் முட்டை குறைந்தது. ஒன்பதாவது வாரம் 241. பழைய 268 திரும்பவே இல்லை, சில கோழிகளின் முட்டை கடைசிவரை வெளிறியே இருந்தது.

புதிய கூட்டம் போன மாதம் வந்தது. இந்த முறை காசு கொடுப்பதற்கு முன்னால் அட்டையைக் கேட்டு வாங்கினேன். வெள்ளைக்கழிச்சல் இருந்தது, மூச்சுக்குழாய் நோய் இருந்தது, முட்டை வீழ்ச்சி நோய்க்கான கட்டம் காலியாக இருந்தது. விற்றவர், "அது அவ்வளவு முக்கியம் இல்லைம்மா" என்றார். முட்டையிடத் தொடங்குவதற்கு முன், பதினான்கு பதினாறு வாரத்தில் போட வேண்டிய, எண்ணெயில் கலந்த தடுப்பூசி அது. எனக்கு வந்தவை பதினைந்து வாரம். டாக்டரம்மாவிடம் சொல்லி, இரண்டு நாளில் முந்நூறுக்கும் போட்டு முடித்தோம். வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, நான் அட்டையில் தேதியை எழுதினேன்.