லிவிங் டுகெதர் ஜோடி சபைக்கு வந்தால்

விசுவாசிகள் அல்லாத ஜோடி முதல்முறை ஆராதனைக்கு வந்தால், வாசலில் நிற்பவர் பெயர் கேட்டு இடம் காட்டினால் போதும். "கல்யாணம் ஆயிடுச்சா?" வேண்டாம். அறிமுகம் செய்துகொள்ளச் சொல்லி மைக் கொடுத்து எழுப்பவும் வேண்டாம். 1 கொரிந்தியர் 5-இல் பவுல் கண்டிக்கச் சொல்வது சபைக்குள் இருப்பவரை. புறம்பே இருப்பவர்களை அல்ல. நம் மூப்பர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்!

திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிர்வது) யாருக்கு என்பதை எல்லாருக்கும் பொதுவாக அறிவியுங்கள். அவர்கள் முன்னால் மட்டும் தட்டை இழுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் காரியம் கெடுவது வாட்ஸ்அப்பில், ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஓடும் வம்பால்.

உறவைப் பற்றிய பேச்சு ஞானஸ்நானம் கேட்கும்போது. போதகரும் அவர் மனைவியும் தனியாகப் பேசட்டும். அவர்கள் திருமணம் செய்ய முடிவெடுத்து, சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன்படி பதிவு செய்தால் 30 நாள் நோட்டீஸ் உண்டு. அதற்கேற்ப ஞானஸ்நானத் தேதி குறியுங்கள்.