எங்கள் தெருவின் நடுவே விழுந்த கோடு

இங்கிலாந்தின் சரே கவுண்டியில், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான ஒரு பகுதியில், பதினான்கு வருடமாக இருக்கிறேன். கவுண்டி கவுன்சில் தேர்தலுக்கான எல்லைகளை மாற்றப் போகிறார்கள் என்று 2023இல் கேள்விப்பட்டபோது, நமக்கென்ன என்றுதான் இருந்தேன். வரைவு வரைபடம் வந்த அன்று பெரிதாக்கிப் பார்த்தால், எங்கள் தெருவின் நடுவிலேயே கோடு போயிருந்தது. எதிர் வரிசை வீடுகள் ஒரு டிவிஷன், அதாவது கவுண்டி கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி. நாங்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு டிவிஷன். இரண்டு வரிசைப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்துக்குத்தான் நடந்து போகிறார்கள்.

இங்கே குப்பை அள்ளுவது, கவுண்டிக்குள் இருக்கும் சிறிய உள்ளாட்சியான பரோ கவுன்சில். பள்ளிக்கூடம், ரோடு, நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டி கையில். பள்ளி வாசலில் கடவைக் கோடு வேண்டும் என்று கேட்க எங்களுக்கு ஒரு கவுன்சிலர், எதிர் வீட்டுக்கு இன்னொருவர் என்றால் எப்படி?

உடனே உட்கார்ந்து ஒரு மின்னஞ்சல் எழுதினேன். வீட்டு விலை, தபால் குறியீடு, நாடாளுமன்றத் தொகுதி என்று இரண்டு பக்கம். அனுப்புவதற்கு முன், இந்தக் கோடுகளைப் போடும் எல்லை ஆணையத்தின் வழிகாட்டியைப் படித்தது நல்லதாகப் போயிற்று. நான் எழுதிய மூன்றையுமே அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அவர்கள் பார்ப்பது வேறு மூன்று: ஒவ்வொரு கவுன்சிலருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வாக்காளர்கள், மக்கள் ஒன்றாகப் புழங்கும் இடம் சிதறாமல் இருப்பது, நிர்வாகத்துக்கு வசதி. இதற்கு மேல், ஒரு டிவிஷன் பரோ எல்லையைத் தாண்டவே கூடாது.

சரேயில் 81 கவுன்சிலர்கள், டிவிஷனுக்கு ஒருவர். ஒரு டிவிஷனுக்குச் சுமார் 11,000 வாக்காளர்கள் வர வேண்டும். பழைய கோடுகள் 2013 தேர்தலுக்குப் போட்டவை. அதற்குப் பிறகு ஒரு பக்கம் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன, இன்னொரு பக்கம் அப்படியே இருக்கிறது. பத்தில் மூன்றுக்கு மேற்பட்ட டிவிஷன்கள் சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகினாலோ, ஒரே ஒரு டிவிஷன் 30 சதவீதத்துக்கு மேல் விலகினாலோ மறு ஆய்வுக்கு அது ஒரு காரணமாகிவிடும். இன்றைய எண்ணிக்கை மட்டும் போதாது, ஐந்து வருடம் கழித்து எவ்வளவு இருக்கும் என்ற கணிப்பும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, பென்சிலால் எங்கள் மூன்று தெருக்களை எதிர்ப் பக்கம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். அந்த டிவிஷனில் வாக்காளர்கள் அதிகமாகிவிட்டார்கள். நமக்கு வேண்டியதை மட்டும் கேட்டால் ஏற்க மாட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. நாம் வெளியே எடுப்பதற்கு ஈடாக எதையாவது உள்ளே வைக்க வேண்டும். இரண்டு ராத்திரி மண்டையை உடைத்து, ரயில் பாதையை ஒட்டிக் கோட்டை நகர்த்தினால் இரு பக்கமும் சரிப்பட்டு வருவதைக் கண்டேன். அந்தப் பாதையைக் கடக்க ஒரே ஒரு நடைபாலம். படிகள் 38, குழந்தைத் தள்ளுவண்டி ஏறாது. அதைப் படம் எடுத்து, புதிதாக எழுதிய கோரிக்கையோடு இணைத்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இவர்கள் எண்ணுவது குடியிருப்பவர்களை அல்ல, வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்களை. சென்னையிலிருந்து வந்து மூன்று வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கும் தம்பியிடம் அந்தக் கோரிக்கைக்குக் கையெழுத்துக் கேட்டேன். “அண்ணா, என்னிடம் இந்திய பாஸ்போர்ட்தானே, எனக்கென்ன வாக்கு?” என்றார். இங்கே தங்க அனுமதி உள்ள காமன்வெல்த் குடிமக்கள் எல்லோருக்கும் வாக்கு உண்டு. இந்தியர், இலங்கையர் இருவருக்கும்தான். எங்கள் தெருவில் அது தெரியாமல் ஏழு வீடுகள் இருந்தன! அந்த ஏழு வீட்டுப் பெரியவர்களும் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. எனக்கு மனசு தாங்கவில்லை. அந்த வாரமே ஒவ்வொரு வீடாகப் போய், அவரவர் போனிலேயே பதியச் சொல்லிப் பக்கத்தில் நின்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இறுதி அறிக்கையில் கோடு ரயில் பாதையோடு போனது. பாலத்தைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. பக்கத்துத் தெரு அக்கா அதை அச்செடுத்து வைத்திருக்கிறார்.

2025 மேயில் அந்தக் கோடுகளில் நடக்க வேண்டிய தேர்தல் தள்ளிப்போனது. பிறகு கவுண்டி கவுன்சிலையே கலைத்து, கிழக்கு சரே, மேற்கு சரே என்று இரண்டு சபைகள் அமைக்க முடிவாயிற்று. எல்லாம் வீணா என்று கலங்கிப் போனேன். ஆனால் புதிய சபைகளுக்கும் அதே 81 பகுதிகள்தான், ஒவ்வொன்றுக்கும் இரண்டு உறுப்பினர்கள். பள்ளி வாசல் கடவைக்கான மனுவை அக்காவும் நானும் மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறோம். இந்த முறை இரண்டு வரிசை வீடுகளும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுகின்றன.