பன்னிரண்டு போதும்

“எனக்குப் பென்ஷன் வருகிறது, பன்னிரண்டு கொடுத்தால் போதும்” என்று நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பென்ஷன் வந்துகொண்டிருந்தது, மாதம் பன்னிரண்டாயிரம் எனக்குப் போதுமானதாகவும் இருந்தது. ஆனால் என்னைப் பற்றி மட்டுமே நான் சொன்ன அந்த வாக்கியம் இன்னொருவருடைய சம்பளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது எப்படி என்பதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சில நாள் அந்த யோசனை நான் செய்தது சரிதான் என்று முடிகிறது. சில நாள் அப்படி முடிவதில்லை.

2019 நவம்பரில் பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது ஐம்பது வயதைத் தாண்டிய நாங்கள் எல்லோரும் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள் சம்பளம், ஓய்வு வயதுக்கு மீதமிருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம் என்பது கணக்கு. பென்ஷன் உடனே தொடங்கிவிடும். அதில் ஒரு பகுதியை மொத்தமாகப் பெறும் கம்யூட்டேஷன் மட்டும் அறுபது வயது நிறைந்த பிறகுதான். 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுவதும் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வெளியே வந்தோம். எனக்கு அப்போது 52 வயது. கிடைத்த தொகையில் பெரும்பகுதி வீட்டுக் கடனுக்குப் போனது. மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நெருக்கடி என்று சொல்ல முடியாது. வேலைக்குப் போகாமல் இருந்திருந்தாலும் வீட்டில் சோற்றுக்குக் குறை வந்திருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் நான் எனக்காக வாதாடும்போது இதை மறந்துவிடும் வழக்கம் எனக்கு உண்டு.

அதற்கு முன்பும் நான் வேலை மாறியவன்தான். 1988இல், வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைத்துக் கொடுக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன், வெளியூருக்கு நேராக டயல் செய்யும் எஸ்.டி.டி. பரவி, டிரங்க் கால் புக் செய்வோர் குறைந்து, இணைப்புப் பலகைக்கு முன்னால் ஆள் உட்கார்ந்திருக்கத் தேவையில்லாமல் போனபோது துறைத் தேர்வு எழுதித் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போனேன். 2005இல் பிராட்பேண்ட் வந்ததும் மோடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கக் கற்றுக்கொண்டேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று வேலைகள். ஆனால் அவற்றை வேலை மாற்றம் என்று நான் அப்போது நினைத்ததே இல்லை. பயிற்சிக்கு ஆணை வரும், போவோம். ஊதியக் குழு உட்காரும், சங்கம் பேசும், புதிய விகிதம் ஆணையாக வரும், நிலுவைத் தொகையை எண்ணி வாங்குவோம். “உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?” என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை முதன்முதலாக எதிர்கொண்டபோது எனக்குத் தலை நரைத்திருந்தது.

கேட்டவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்கும் தனியார் நிறுவனம் ஒன்றுக்குத் திருநெல்வேலியில் ஒப்பந்த வேலை பார்க்கும் அலுவலகம் அது, அவர் அதன் மேலாளர். ஊரடங்கில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்துவிட்டதால் இணைப்புக் கேட்டுக் காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போன சமயம். அவர் மரியாதையாகத்தான் பேசினார். “கம்பம் எல்லாம் ஏற வேண்டாம் சார். ஜாயின்ட், டெஸ்டிங், கம்ப்ளெயின்ட் பார்த்தாப் போதும்” என்றார். பிறகு, “எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க சார்?” என்றார்.

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவே இருந்த சில நொடிகளில் என்ன நினைத்தேன் என்பதைப் பலமுறை தோண்டிப் பார்த்திருக்கிறேன். அதிகம் கேட்டால் வயதைக் காரணம் காட்டி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. அது ஒரு பாதிதான். மறுபாதி, சொல்லக் கூசினாலும், பெருமை. நான் பணத்துக்காக உன் வாசலில் வந்து நிற்கவில்லை, எனக்கென்று அரசு தரும் பென்ஷன் இருக்கிறது, வேலை தெரியும் என்பதால் வந்திருக்கிறேன் என்று அந்த இளைஞருக்கு உணர்த்த வேண்டியிருந்தது. குறைந்த தொகையைச் சொன்னது தாழ்மையால் என்று அவர் நினைத்திருப்பார். உண்மையில் அது என் உயரத்தைக் காட்டத்தான்.

சேர்ந்த பிறகு எனக்கு, ஃபைபர் இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைஸிங் மெஷினைக் கையாளக் கற்றுக்கொடுத்தது தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி. டிப்ளமோ படித்தவர், முப்பது வயதுக்குள், ஒரு கைக்குழந்தை. செம்புக் கேபிளில் ஊறியவனுக்கு ஃபைபர் முழுக்க அந்நியமல்ல. ஜெல்லி நிரப்பிய செம்புக் கேபிளில் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சிலேட்டு என்று நாங்கள் மனப்பாடம் செய்திருந்த நிற வரிசையில்தான் ஃபைபர் இழைகளும் தொடங்குகின்றன. ஆனால் கை வேறு பழக வேண்டும். செம்பை முறுக்கி இணைத்த விரலுக்கு, 125 மைக்ரான் தடிமனுள்ள கண்ணாடி இழையைத் தோலுரித்து, ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, கிளீவரில் நேர்குத்தாக வெட்டுவது லேசில் வசப்படாது. வெட்டு கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்தாலே மெஷின் பிழை காட்டும். அந்தத் தம்பி ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. “மூச்சை விட்டுட்டு வெட்டுங்க அண்ணாச்சி” என்பார். கேட்டேன், பழகிவிட்டது.

தச்சநல்லூர்ப் பக்கம் ஜேசிபி தோண்டியதில் 24 இழைக் கேபிள் ஒன்று அறுந்துபோன இரவில்தான் அந்தப் பேச்சு நடந்தது. நான் நிறம் பார்த்துப் பிரித்துக் கொடுக்க, அவர் வெல்ட் வைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, “ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்கக் கூடாது. நீங்க பன்னெண்டு போதும்னு சொன்னீங்களாமே அண்ணாச்சி?” என்றார்.

“ஆமா தம்பி. எனக்குப் பென்ஷன் வருதுல்லா.”

அவர் ஒரு இழையை முடித்து, ஒட்டிய இடத்தைக் காக்கும் சுருங்குறையை ஹீட்டரில் வைத்தார். பிறகு சொன்னார்: “பென்ஷன் ஒங்களுக்கு வருது. ஆனா அத என் சம்பளத்துலல்லா கழிக்காங்க.”

விஷயம் அதன் பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. அவர் பதினான்காயிரத்தில் இருந்தார். பதினெட்டு கேட்டிருக்கிறார், கை தேர்ந்த ஸ்ப்ளைசருக்கு அப்போது வெளியில் கிடைத்த தொகை ஏறக்குறைய அதுதான். “முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவரே பன்னிரண்டுக்கு வந்திருக்காரு” என்று அவருக்குப் பதில் கிடைத்திருக்கிறது. என் சர்வீஸில் எத்தனை ஆண்டு ஃபைபரில் போனது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு மெஷின் சொல்லிக்கொடுத்ததே அவர்தான் என்பதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அதற்கு நான் சொன்ன பதில்: “நான் வராட்டா பத்துக்கு வேற ஒருத்தன் வருவான் தம்பி.”

அவர் மறுக்கவில்லை. “வருவான்” என்றார். மீதி இழைகளையும் முடித்துவிட்டு விடியும் முன் வீட்டுக்குப் போனோம்.

நான் சொன்னது சரியா என்று கேட்டால், சந்தையைப் பொறுத்தவரை சரி என்றே இன்றும் சொல்வேன். அந்த ஆண்டில் வேலை இழந்திருந்த பையன்கள் எத்தனையோ பேர்; வேலை கற்றுக்கொடுத்தால் போதும் என்று பத்துக்கும் வந்திருப்பார்கள். மேலும், கம்பம் ஏறாத, மாலை ஆறு மணிக்குமேல் பெரும்பாலும் அழைக்கப்படாத எனக்குக் குறைவாகக் கொடுப்பதில் நியாயம்கூட இருந்தது. என் பன்னிரண்டையும் அவருடைய பதினெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் மேலாளர், நான் அல்ல. இந்த இடம்வரை என் வாதம் நன்றாகவே நிற்கிறது.

அது தடுமாறுவது வேறொரு இடத்தில். நான் பணியில் சேர்வதற்குச் சற்று முன்புதான், 1987 அக்டோபரில், தொலைபேசியையும் சேர்த்து நடத்திவந்த தபால் தந்தித் துறையின் தினக்கூலி ஊழியர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. நிரந்தர ஊழியரின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்ச அளவையாவது அவர்களுக்குக் கூலியாகக் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. சங்கக் கூட்டங்களில் மூத்த லைன்மேன்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்கள். “இந்தக் கூலிக்கு நீ வராவிட்டால் வாசலில் ஆள் நிற்கிறது” என்று மஸ்தூர்கள் எனப்பட்ட அந்தத் தினக்கூலிகளிடம் சொன்ன அதிகாரிகளைப் பற்றியும் அவர்களே சொல்வார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்று நானும் கொடி பிடித்துக் கோஷம் போட்டிருக்கிறேன். பிடித்த கொடி ஒன்று, தச்சநல்லூரில் வாயில் வந்த வாக்கியம் ஒன்று.

ஆனாலும் இதை முழுக்க என் தலையில் ஏற்றிக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை. அந்தக் கூட்டங்களில் எனக்காகப் பேச ஒரு சங்கம் இருந்தது. 2000 அக்டோபர் 1இல் தொலைத்தொடர்புத் துறை பி.எஸ்.என்.எல். நிறுவனமாக மாறியபோது, எங்கள் பென்ஷனை அரசே தரும் என்பதைச் சங்கங்கள் போராடித்தான் உறுதி செய்தன. அந்தத் தேதிக்கு முன் சேர்ந்தவன் என்ற ஒரே தகுதியில் எனக்கு அது வருகிறது. அந்தத் தம்பிக்கு இருப்பது இ.பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதிக் கணக்கு. அதன் ஓய்வூதியத்தை ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம், அவர்தான் கேட்டார். ஓய்வூதியத்துக்குக் கணக்கில் கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000. இன்னும் முப்பது ஆண்டு விடாமல் வேலை பார்த்தாலும், நீண்ட பணிக்காகச் சேர்க்கும் இரண்டு ஆண்டையும் கூட்டி, 32ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. “அப்போ அறுபது வயசுல நானும் ஒங்கள மாதிரி வேலைக்கு வரணும்” என்றார். “ஆனா பன்னெண்டு போதும்னு சொல்ல முடியாது” என்றும் சேர்த்துக்கொண்டார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஒன்று செய்தேன். அடுத்த சம்பள உயர்வின்போது நான் பதினெட்டு கேட்டேன். என் தொகை ஏறினால் அவருக்கும் ஏற்ற வேண்டிவரும் என்பது என் எண்ணம். மேலாளர் சங்கடப்பட்டு, “உங்களுக்குத் தேவை இல்லையே சார்” என்றார். முதல் நாள் நான் கொடுத்த வாக்கியத்தைத்தான் அவர் திருப்பிக் கொடுத்தார். பதினான்கு போட்டார்கள். தம்பிக்குப் பதினைந்து. இதை வெற்றி என்று எந்தச் சங்கத் தீர்மானத்திலும் எழுத முடியாது. அதற்கடுத்த ஆண்டு அவர் கோயம்புத்தூரில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம் என்று கேள்வி. அவர் போனதற்கு நான் காரணமா என்று கேட்டுப் பார்த்தால், இங்கே பதினெட்டு கிடைத்திருந்தாலும் போயிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. அவருடைய வயதில் ஊர் மாறுவது எளிது. அவரிடமே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இப்போது இது மறுபடி எழுந்ததற்குக் காரணம், என்னோடு ஒரே நாளில் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர். இத்தனை நாள் வீட்டில் இருந்துவிட்டு, நேர்முகத்துக்குப் போகப் போவதாகச் சொல்லி என்னிடம் யோசனை கேட்டார். பென்ஷனைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள், வேலைக்கு என்ன விலையோ அதைக் கேளுங்கள், இருபது கேளுங்கள் என்றேன். சொல்லும்போது எனக்கு மிகுந்த நிம்மதியாக இருந்தது. ஒரு பழைய கணக்கை வேறொருவர் கையால் தீர்ப்பதுபோல. அவர் போனார், இருபது கேட்டார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், சொல்லி அனுப்பவில்லை. அந்த இடத்துக்கு இருபத்து நான்கு வயதுப் பையன் ஒருவனைப் பன்னிரண்டுக்கு எடுத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

நண்பரின் மனைவிக்கு என்மேல் வருத்தம். நண்பருக்கு இல்லை, அடுத்த வாரம் இன்னோரிடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், இந்த முறை எவ்வளவு சொல்லட்டும் என்று மறுபடியும் என்னிடமே கேட்டிருக்கிறார். பதினைந்து என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். அது எந்தக் கணக்கில் வந்த பதினைந்து என்று அவர் கேட்டால், எடுத்துக் காட்ட என்னிடம் கணக்கு எதுவும் இல்லை.