கோட்டு போட்டுக்கொண்டு மிருதங்கம்

முப்பத்தொரு வருடமாக மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வந்து கண்ணில் ஒரு ஹெட்செட்டை மாட்டிவிட்டான். மெய்நிகர் உலகில் நாம் அணியும் உடலைப் பற்றி ஆய்வு செய்கிறான். மடியில் என் மிருதங்கமே இருந்தது; உள்ளேயும் அதே இடத்தில் ஒன்றைப் பொருத்தியிருந்தான்.

"குனிந்து கையைப் பாருங்கள் சார்" என்றான். மணிக்கட்டோடு முடிந்துபோன இரண்டு வெள்ளைக் கைகள், சுண்ணாம்பில் முக்கியெடுத்த மாதிரி. ஆனால் நான் விரலை மடக்கினால் அவையும் மடக்கின. இரண்டு நிமிடத்தில் பழகிவிட்டது.

அடுத்து, எனக்கு உடலாக, கோட்டும் டையுமாக ஓர் ஆள். எதிரே கண்ணாடி, நான் தலையசைத்தால் அவரும் அசைத்தார். என் கல்யாண வரவேற்பில் ஒரே ஒருநாள் கோட்டு போட்டிருக்கிறேன், இரவல் கோட்டு, அக்குளில் பிடித்தது. ஞாயிறன்று நான் போட்டிருந்தது பனியன். ஆனாலும் அதே இடத்தில் பிடித்தது! பிறகு கைபேசியில் பதிவைக் கேட்டால், இடது கையை அழுத்தித் தேய்த்து எழுப்பும் குமுக்கி ஒன்றுகூட இல்லை. வங்கியில் கடன் கேட்கப் போனவன் போல வாசித்திருக்கிறேன். மூன்றாவதாகக் கறுத்த, தொளதொளச் சட்டைக்காரர் வந்த பிறகுதான் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கம், பேச ஆரம்பித்தது.

எல்லாம் முடிந்தபின் அவன் ஒரு பழைய ஆய்வைச் சொன்னான். 2013இல் வெளியானது, பார்சிலோனாவின் மெல் ஸ்லேட்டர் குழுவினுடையது. 36 வெள்ளையர்களை மெய்நிகர் உலகில் ஆப்பிரிக்க ஜெம்பே மேளம் தட்டவைத்தார்கள். சிலருக்குச் சாதாரண உடையில் கறுத்த உடல், சிலருக்குக் கோட்டு போட்ட வெளுத்த உடல். கறுத்த உடலில் இருந்தவர்களின் கைவீச்சு கூடியது.

எனக்கு இதில் ஒரு சண்டை உண்டு. நிறத்தையும் உடையையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது? கறுத்தவனுக்குத் தாளம் தானாக வரும் என்ற நினைப்பை மேளம் தட்டியவர்களே தலையில் சுமந்து போயிருக்கலாம். நானே நல்ல கறுப்பு. என்னைக் கட்டிப்போட்டது கோட்டுதான்.

கடைசியாகத் தோல், நகம், ரேகை எல்லாம் உள்ள அசல் போன்ற கை. அழகாகத்தான் இருந்தது, சாப்பு வாசிக்கும்வரை. சாப்பு என்ற அந்த அடிக்குச் சுண்டுவிரல் வேண்டும். அது மற்ற விரல்களுக்குப் பின்னால் மறைந்ததும், விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஹெட்செட் கேமரா தன் இஷ்டத்துக்கு ஊகித்தது. காதில் என் நாதம், கண்ணில் வேறு எவனோ ஒருவனின் கோணல் விரல். வயிற்றைப் பிரட்டியது. சுண்ணாம்புக் கையிலும் இதே பிழை நடந்திருக்கும். நான் கவனிக்கவே இல்லை. பிரான்சில் 2016இல் செய்த ஓர் ஆய்வும் இந்தப் பக்கம்தான் சாய்கிறதாம்: அசல் போன்ற கை 'இது என்னுடையது' என்ற உணர்வைக் கூட்டுகிறது, 'இதை நான்தான் ஆட்டுகிறேன்' என்ற உணர்வோ எளிய கையில்தான் கூடுதல்.

"அடுத்த வாரம் எந்தக் கை வைக்கட்டும் சார்?" என்றான்.

"சுண்ணாம்புக் கையையே வை. முதலில் அந்தச் சுண்டுவிரலைச் சரிசெய்."