செம்மறிக் கருமுட்டைகள் முதிராமல் போன ஆறு மாதங்கள்

காரைக்குடியில் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் செம்மறிக் கருமுட்டைகளை ஆய்வகத்தில் முதிரவைக்கும் வேலையைத் தொடங்கியபோது, முட்டைகளை இட்டு வைக்கும் திரவமான ஊடகம் சரியாக அமைந்தால் மற்றவை தாமாக நடந்துவிடும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை தின்ற ஆறு மாதங்களை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. டிசிஎம்-199 என்ற ஊடகம், 10 விழுக்காடு கன்றுக்கரு சீரம், எப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ராடியால் என்ற ஹார்மோன்கள், 38.5 டிகிரி, 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு, 24 மணி நேரம் என்று எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஆனாலும் மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டையைச் சுற்றிய குமுலஸ் செல்கள், முதிரும்போது விரிய வேண்டியவை, விரியாமல் இறுகியே கிடந்தன. அவற்றை நீக்கிப் பார்த்தபோது முதிர்ச்சிக்கு அடையாளமான முதல் துருவ உடல் தெரிந்த முட்டைகள் பாதிகூட இல்லை.

முதலில் ஹார்மோனைச் சந்தேகித்துப் புதிதாக எப்எஸ்எச் வரவழைத்தேன். வெள்ளிக்கிழமை மாலை கூரியர் அலுவலகத்துக்குப் போனால், கடிதத்தில் துறைத்தலைவரின் கையொப்பம் இருந்தும் முத்திரை இல்லை என்று சொல்லிப் பெட்டியைத் தர மறுத்துவிட்டார்கள். உள்ளே குளிரில் இருக்க வேண்டிய மருந்து என்று மன்றாடியும் பயனில்லை. திங்கட்கிழமை முத்திரையோடு போய் வாங்கியபோது பனிப்பைகள் முழுவதும் உருகி, மருந்துக்குப்பி வெதுவெதுப்பாக இருந்தது. வார இறுதியை ஒட்டி வரும்படி எதையும் வரவழைக்காதீர்கள். முத்திரையிட்ட கடிதம் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். மறுபடி பணம் கட்டி வாங்கிய நல்ல ஹார்மோனிலும் முடிவு மாறவில்லை. 100 மைக்ரோமோலார் சிஸ்டியமின் சேர்த்தேன். முட்டைக்குள் குளுட்டதயோன் என்ற காப்புப்பொருளைப் பெருக்கிப் பின்னால் கரு வளரத் துணைசெய்யும் அருமையான பொருள் அது. ஆனால் ஆய்வகத்துக்கு வரும் முன்பே கெட்டுப்போன முட்டையை அதனால் மீட்க முடியாது.

கெட்டது வழியில்தான் என்பது ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. தேவகோட்டையில் விடியற்காலை ஆடு அறுக்கும் இடத்திலிருந்து சூலகங்களை பிளாஸ்க்கில் உப்புநீரிட்டுக் கொண்டுவருவது என் வழக்கம். ஆறிவிடுமோ என்ற அச்சத்தில் உப்புநீரை நன்றாகச் சுடவைத்தே ஊற்றுவேன். அன்று ஏதோ தோன்றி, பிளாஸ்க்கைத் திறந்தவுடன் வெப்பமானியை உள்ளே விட்டேன். 42 டிகிரி காட்டியது. செம்மறியின் உடல் வெப்பமே 39 டிகிரிக்கு அருகில்தான். ஒரு மணி நேரத்துக்கு மேலாக அந்தச் சூட்டில் முட்டைகளை வாட்டிவிட்டு, குறையை ஊடகத்தில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் நுண்ணுயிர்க்கொல்லி கலந்த 0.9 விழுக்காடு உப்புநீரை 36 டிகிரியில் நிரப்பி, வெப்பமானியின் கம்பியை பிளாஸ்க்குக்குள்ளேயே செருகி, பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். அன்று ஆடு அறுக்கும் இடத்தில் இன்னொரு உண்மையும் தெரிந்தது. "இந்த வாளியில வெள்ளாட்டோடதும் கிடக்கே தம்பி, உனக்குப் பரவாயில்லையா?" என்று வயதான கறிக்கடைக்காரர் ஒருவர் கேட்டார். அதுவரை அந்தப் பொது வாளியிலிருந்துதான் எடுத்துவந்தேன். அன்றிலிருந்து செம்மறியின் வயிற்றைத் திறக்கும்போதே பக்கத்தில் நின்று கருப்பையோடு சேர்த்து வாங்கி, சூலகத்தை நானே வெட்டியெடுக்கிறேன். புரட்டாசியிலும், பழனிப் பாதயாத்திரைக்கு ஊரே விரதமிருக்கும் தை மாதத்திலும் அறுப்பு குறையும். பெரிய சோதனைகளை அந்த மாதங்களில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஊடகத் துளிகளை எண்ணெய்க்கு அடியில், முட்டைகளை இடுவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே இன்குபேட்டரில் வைத்துவிடுங்கள்; அவசரத்தில் வெளியிலிருந்து நேராக ஊற்றிய துளி ஊதா கலந்த சிவப்பாக இருந்தால் அதில் முட்டையை இடாதீர்கள், காரத்தன்மை ஏறியிருக்கிறது என்று பொருள்.

வெப்பத்தைச் சரிசெய்த அந்த வாரம், 24 மணி நேரம் கழித்துத் தட்டை எடுத்தபோது குமுலஸ் செல்கள் பூத்த பருத்திபோல் விரிந்து, பிசுபிசுப்போடு பிப்பெட் நுனியில் ஒட்டின. அவற்றைக் கருவுறச் செய்து கரு வளர்க்கும் எஸ்ஓஎப் ஊடகத்துக்கு மாற்றினேன். ஏழாம் நாள் காலை, ஒரு துளியின் ஓரத்தில் உள்ளே நீர் நிறைந்த குழியோடு பிளாஸ்டோசிஸ்ட் என்ற நிலைக்கு வளர்ந்த கரு ஒன்று இருந்தது. நெறியாளரை அழைத்துக் காட்டும்வரை தட்டைக் கையிலிருந்து கீழே வைக்க மனம் வரவில்லை.