மார்கரெட் தெருவின் செங்கல் ஆலயம்

லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவின் கடைக் கூட்டத்திலிருந்து விலகி, சில நிமிட நடையில் மார்கரெட் தெருவை அடைந்தேன். அங்குள்ள சகல பரிசுத்தவான்கள் ஆலயத்தில் ஒரு நாளாவது ஜெபிக்க வேண்டுமென்பது என் நெடுநாளைய ஆசை. வளைவு வாயிலைக் கடந்ததும் சிறிய முற்றம். குருமனையும் பழைய பாடகர் பள்ளிக் கட்டடமும் இருபுறம் நெருக்கி நிற்க, அண்ணாந்து பார்த்தால்தான் கோபுர முனை தெரிந்தது. அதன் உயரம் 227 அடி.

ஆங்கிலத் திருச்சபைக்குள் பழைய வழிபாட்டு ஒழுங்கை மீட்க முயன்ற ஆக்ஸ்போர்டு இயக்கத்தார் கூடிய சிற்றாலயம் ஒன்று முன்பு இங்கே இருந்தது. அதன் இடத்தில் முன்மாதிரியான ஆலயமொன்றைக் கட்டும் பொறுப்பு கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்பீல்டிடம் வந்தது. 1850 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று, அந்த இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான பியூசி அஸ்திவாரக் கல்லை நாட்டினார். பிரதிஷ்டையோ 1859 மே 28இல்தான் நடந்தது.

கிடைத்த மனை ஏறத்தாழ 100 அடிச் சதுரமே. அகலத்துக்கு வழியில்லாத இடத்தில் பட்டர்பீல்டு உயரத்தை நாடினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கல்லால் கட்டுவதே ஆலயத்துக்கு மதிப்பு என்று பலர் எண்ணிய காலத்தில், லண்டனின் அன்றாடக் கட்டுமானப் பொருளாகிய செங்கல்லை அவர் தேவனுடைய வீட்டுக்கு உகந்ததாக்கினார். சுவரருகே சென்று கையால் தொட்டுப் பார்த்தேன்: சிவப்புச் செங்கல் வரிசைகளுக்கிடையே கருப்புச் செங்கற்கள் பட்டையாகவும் கோணல்மாணலான கோடுகளாகவும் ஓடுகின்றன. இவை மேலே பூசிய வண்ணமல்ல. சுவரோடு சுவராகக் கட்டப்பட்டவை.

உள்ளே முதலில் இருள்தான் தெரிந்தது. கண் பழகப் பழக, மெருகேற்றிய சிவப்புக் கிரானைட் தூண்களும், பளிங்கு பதித்த பிரசங்க பீடமும் ஒவ்வொன்றாகத் துலங்கின. வடக்குச் சுவர் நெடுக, அலெக்சாண்டர் கிப்ஸ் 1873இல் ஓடுகளில் தீட்டிய சித்திரங்களின் நடுவில் கிறிஸ்துவின் பிறப்பு. பின்புறம் கட்டடங்கள் ஒட்டி நிற்பதால் கிழக்கே ஜன்னல் இல்லை. அந்தக் குறையே பீடத்துக்குப் பின்னுள்ள சுவர் முழுவதையும் பரிசுத்தவான்களின் உருவங்களுக்கு ஒதுக்கித் தந்திருக்கிறது. வில்லியம் டைஸ் வரைந்தவை பழுதுபட்டதால், 1909இல் நினியன் காம்பர் அவற்றைப் புதிதாக வரைந்தார்.

தூபத்தின் மணம் காற்றில் இன்னும் தங்கியிருந்தது. அந்த முகங்களை நோக்கி முழங்காலில் நின்று விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் மெதுவாகச் சொன்னேன். "பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும்" என்ற இடம் வந்தபோது என் குரல் தழுதழுத்தது. அந்தச் சொற்களை மறுபடியும் சொல்லிவிட்டே மேலே தொடர்ந்தேன்.